தங்கம் சிவக்கும் இடம்

மருந்துக் கடையில் வாங்கிவரும் கர்ப்பப் பரிசோதனைக் கார்டில் இரண்டு மூன்று சொட்டு சிறுநீர் விட்டுக் காத்திருந்தால், ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழும். பெரும்பாலான கார்டுகளில் அது தங்கத்தின் சிவப்பு. நகையில் மஞ்சளாக மின்னும் அதே உலோகம், 40 நானோமீட்டர் அளவுத் துகள்களாகித் தண்ணீரில் மிதக்கும்போது சிவந்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் இப்படி 25,000 துகள்களை வரிசையாக நிறுத்தலாம். ஒவ்வொரு துகளிலும் ஏறத்தாழ 20 லட்சம் தங்க அணுக்கள் இருக்கும்.

கார்டின் பிளாஸ்டிக் கூட்டை நெம்பித் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு குச்சி நீளக் காகிதப் பட்டை. உண்மையில் அது நான்கு துண்டுகள். ஒன்றின் நுனி அடுத்ததன்மேல் படும்படி ஒட்டியிருப்பார்கள். முதல் துண்டு சிறுநீரை வாங்கிக்கொள்கிறது. இரண்டாவது துண்டில் வெளிறிய ரோஜா நிறம் தெரியும். தங்கத் துகள்கள் அங்கேதான் உலர்ந்து கிடக்கின்றன. ஒவ்வொரு துகளின் மேலும் ஆன்டிபாடிகள் ஒட்டியிருக்கும். கருவுற்ற பெண்ணின் உடலில் சுரக்கும் ஹெச்சிஜி என்ற ஹார்மோனின் ஒரு பகுதியை மட்டும் பற்றிக்கொள்பவை அவை. மூன்றாவது துண்டு வெள்ளை நைட்ரோசெல்லுலோஸ். அதில் 'டி' என்று குறித்த இடத்தில், அதே ஹார்மோனின் வேறொரு பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளைக் கோடாக இழுத்திருப்பார்கள். நம் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. கடைசித் துண்டு, மீதித் திரவத்தை உறிஞ்சி ஓட்டத்தைத் தொடர வைக்கிறது.

ஈரம் பரவும்போது தங்கம் கிளம்புகிறது. வழியில் ஹெச்சிஜி இருந்தால் அதைப் பற்றிக்கொண்டு வந்து, 'டி' கோட்டில் மாட்டிக்கொள்கிறது. ஹார்மோன் இல்லாவிட்டால் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. 'சி' கோட்டில் இருப்பது தங்கத்தின்மேல் உள்ள ஆன்டிபாடியையே பிடிக்கும் இன்னொரு புரதம்; ஹார்மோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சிவக்க வேண்டும். சிவக்கவில்லை என்றால் அந்தச் சோதனை செல்லாது என்று பொருள். கோவிட் காலத்தில் மூக்குக்குள் குச்சி விட்டுச் செய்த விரைவுச் சோதனைகளில் பலவும் இதே அமைப்புதான். ஹார்மோனுக்குப் பதில் அங்கே வைரஸின் நியூக்ளியோகேப்சிட் புரதம்.

சாயத்தை விட்டுவிட்டு ஏன் தங்கம்? 40 நானோமீட்டர் தங்கத் துகள் ஒன்று, சாதாரணச் சாய மூலக்கூறு ஒன்றைவிட ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு அதிகமாக ஒளியை விழுங்குகிறது. ஒரு ஹார்மோன் மூலக்கூறு ஒரு சாய மூலக்கூறைக் கூட்டிவந்தால் நம் கண்ணுக்கு ஒன்றும் எட்டாது. ஒரு தங்கத் துகளைக் கூட்டிவந்தால் கதை வேறு.

இந்தச் சிவப்பை முதலில் முறையாக ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் தங்க உப்புக் கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்தார். நீர் மாதுளைச் சிவப்பானது. 1857இல் இதைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அன்றைய எந்த நுண்ணோக்கியிலும் அந்தத் துகள்கள் தெரியாது. ஆனாலும் அவர் ஓர் ஒளிக்கற்றையைக் குப்பிக்குள் செலுத்திப் பார்த்தார். கற்றை போகும் பாதை ஒளிர்ந்தது. கரைந்த பொருள் அப்படி ஒளியைச் சிதறடிக்காது, ஆகவே உள்ளே மிக நுண்ணிய திடப்பொருள் மிதக்கிறது என்று முடிவு கட்டினார். அவர் தயாரித்த குப்பிகள் இன்றும் அங்கே பத்திரமாக இருக்கின்றன, சிவப்பும் மங்கவில்லை. அவர் கண்ட இன்னொன்று நம் கதைக்கு இன்னும் முக்கியம்: அந்தச் சிவப்பு நீரில் கொஞ்சம் உப்பைப் போட்டதும் அது நீலமாக மாறியது. தங்கத்தின் அளவு கூடவுமில்லை, குறையவுமில்லை. நிறம் மட்டும் மாறியது.

காரணத்தைக் கணக்கால் சொல்ல அரை நூற்றாண்டு ஆனது. 1908இல் ஜெர்மானிய இயற்பியலாளர் குஸ்தாவ் மீ, மிகச் சிறிய உலோகக் கோளத்தின்மீது ஒளி விழும்போது மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் என்ன சொல்கின்றன என்று தீர்த்துக் காட்டினார். உலோகத்துக்குள் கட்டற்ற எலக்ட்ரான்கள் உண்டு. ஒளி ஒரு மின்புலம். அது வந்து மோதும்போது, துகளுக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் அத்தனையும் ஒருசேர இங்குமங்கும் அசைகின்றன, பாத்திரத்தை ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்புவதைப் போல. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஆட்டினால்தான் தளும்பல் பெரிதாகும். தங்கத்துக்கு அந்த ஒத்ததிர்வு 520 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி, அதாவது பச்சை ஒளியில் நிகழ்கிறது. பச்சையைத் துகள் விழுங்கிக்கொள்கிறது. நம் கண்ணுக்கு வந்து சேர்வது சிவப்பு. வெள்ளித் துகளுக்கு இதே ஒத்ததிர்வு 400 நானோமீட்டரை ஒட்டி வருவதால் வெள்ளிக் கரைசல் மஞ்சளாகத் தெரியும். எலக்ட்ரான்களின் இந்தக் கூட்டசைவுக்குத்தான் பிளாஸ்மான் என்று பெயர்.

இந்தத் தளும்பலின் மின்புலம் துகளின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை, வெளியேயும் கொஞ்சம் நீள்கிறது. 'கொஞ்சம்' என்றால் மிகக் கொஞ்சம்: துகளின் மேற்பரப்பிலிருந்து 5 முதல் 30 நானோமீட்டர் வரை. ஓர் ஆன்டிபாடியின் அளவு சுமார் 10 நானோமீட்டர். ஆகவே துகள் தன்னை ஒட்டி நிற்கும் ஒன்றிரண்டு புரத அடுக்குகளை மட்டுமே உணர்கிறது. அதற்கு அப்பால் இருக்கும் ரத்தம் முழுக்க அதற்கு இல்லாததற்குச் சமம். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, புரதத்துக்கு அது சுமார் 1.45. ஒட்டிய இடத்தில் தண்ணீர் விலகிப் புரதம் வந்து உட்கார்ந்தால் ஒத்ததிர்வு சற்றே நீண்ட அலைநீளத்துக்கு நகரும். அந்த நகர்வு சில நானோமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது, நிறமாலைமானிக்குத் தெரியும்.

இரண்டு துகள்கள் நெருங்கி வந்தாலோ நகர்வு பெரிது. ஒன்றின் தளும்பல் இன்னொன்றைப் பற்றிக்கொள்ள, ஒத்ததிர்வு 600 நானோமீட்டரைத் தாண்டுகிறது, நீர் நீலமாகிறது. ஃபாரடேயின் உப்பு செய்தது இதைத்தான்: துகள்களை விலக்கி வைத்திருந்த மின்னூட்டத்தை மழுங்கடித்து அவற்றைக் கட்டியாக்கிவிட்டது. 1996இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கினின் குழு, உப்பின் வேலையை டிஎன்ஏ இழைகளிடம் ஒப்படைத்தது. துகள்கள்மீது சிறு டிஎன்ஏ இழைகளை ஒட்டிவைத்தார்கள். இரண்டு பக்கமும் பொருந்தும் இன்னொரு இழை வந்தால் துகள்கள் பிணைந்துகொள்ளும். அடுத்த ஆண்டு, குறிப்பிட்ட ஒரு மரபுத்தொடர் மாதிரியில் இருந்தால் மட்டுமே சிவப்பு ஊதாவாகும் சோதனையாக அதை வளர்த்தார்கள். ஒரே ஓர் எழுத்து பிசகினாலும் பிணைப்பு குறைந்த வெப்பத்திலேயே அவிழ்ந்துவிடுவதால், பிழையுள்ள இழையைப் பிரித்தறியவும் முடிந்தது.

துகளுக்குப் பதில் தகட்டைக் கொண்டும் இதைச் செய்யலாம். கண்ணாடி முப்பட்டகத்தின் ஒரு முகத்தில் சுமார் 50 நானோமீட்டர் கனத்துக்குத் தங்கம் பூசி, உள்ளிருந்து ஒளியைச் சாய்வாகச் செலுத்தினால், குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் எதிரொளி சட்டென்று மங்கிப்போகும். அந்த ஆற்றல் தங்கத்தின் மேற்பரப்பில் பிளாஸ்மானாக ஓடிவிடுகிறது. மேற்பரப்பில் ஏதாவது ஒட்டினால் அந்தக் கோணம் மாறும். 1968இல் ஜெர்மனியில் கிரெட்ஷ்மானும் ரேத்தரும் இந்த அமைப்பை வகுத்தார்கள். 1983இல் ஸ்வீடனின் லிங்க்ஷோப்பிங் நகரில் லீட்பெர்க், நைலாண்டர், லுண்ட்ஸ்ட்ரோம் ஆகிய மூவரும் இதை வாயுவையும் புரதத்தையும் கண்டறியப் பயன்படுத்தினார்கள். அங்கிருந்து கிளைத்த பயாகோர் கருவி 1990இல் விற்பனைக்கு வந்தது. ஒரு மருந்து தன் இலக்குப் புரதத்தில் எவ்வளவு விரைவாக ஒட்டுகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை ஒட்டும்போதே பார்க்க முடிந்தது பெரிய விஷயம். மருந்து ஆய்வகங்களில் இந்த முறை நிலைத்துவிட்டது. நோயாளியின் கட்டிலருகே மட்டும் அது பெரிதாக வரவில்லை. ஏன் வரவில்லை என்பதில்தான் இந்தத் துறையின் உண்மையான சிக்கல் இருக்கிறது.

அதற்குமுன், நம் ஊர்க்காரர் ஒருவரின் பங்கைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன், 1928இல் கல்கத்தாவில் கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து கண்டுபிடித்த ஒளிச்சிதறல், ஒவ்வொரு மூலக்கூறுக்கும் உரிய தனி அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் அது மிக மங்கலானது. கோடி ஒளித்துகள்களில் ஒன்று அப்படிச் சிதறினால் அதிகம். 1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஃப்ளெய்ஷ்மான், ஹெண்ட்ரா, மெக்குவில்லன் ஆகியோர் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயில் பிரிடின் என்ற சேர்மத்தை ஒட்டவைத்தபோது, எதிர்பார்த்ததைவிட மிக வலுவான ராமன் சமிக்ஞை வந்தது. பரப்பு கூடியதுதான் காரணம் என்று அவர்கள் நினைத்தார்கள். அது மட்டும் போதாது, சமிக்ஞை ஒரு லட்சம் மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது என்று 1977இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. இரண்டு உலோகத் துகள்களுக்கு நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் இடுக்கு இருந்தால், அங்கே பிளாஸ்மானின் மின்புலம் குவிந்து பொங்குகிறது. இடுக்கில் சிக்கிய மூலக்கூறின் ராமன் ஒளி பல மடங்காகிவிடுகிறது. 1997இல் இந்த வழியில் ஒற்றை மூலக்கூறையே கண்டார்கள்.

ஒற்றை மூலக்கூறையே பார்க்க முடியுமென்றால் இனி என்ன குறை? இப்படிக் கேட்டுவிட்டுப் பல ஆய்வுக் கட்டுரைகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. உலோகம் தன்னருகே ஏதோ வந்திருக்கிறது என்று மட்டுமே சொல்லும். வந்தது யார் என்று அதற்குத் தெரியாது. மாரடைப்பின் தொடக்கத்தில் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அது ஒரு லிட்டருக்குச் சில பத்து நானோகிராம்தான் இருக்கும். அதே லிட்டரில் அல்புமின் சுமார் 40 கிராம். எடையில் 100 கோடி மடங்கு. அல்புமின் எந்தப் பரப்பிலும் ஒட்டக்கூடியது. அது தங்கத்தில் போய்ப் படிந்தாலும் ஒளிவிலகல் எண் மாறும், கோணம் நகரும், கருவி 'வந்துவிட்டது' என்று சொல்லும். ஆகவே தங்கத்தின்மேல் ஆன்டிபாடியை நட்ட பிறகு மிஞ்சும் இடம் முழுவதையும் புரதம் ஒட்டாத பாலிமர்களால் மூட வேண்டும். அந்தப் பூச்சு ஆன்டிபாடியின் கையைக் கட்டிப்போடக் கூடாது. தடிமனும் கூடக் கூடாது, கூடினால் ட்ரோபோனின் வந்து நிற்கும் இடம் பிளாஸ்மானின் எட்டுக்கு வெளியே போய்விடும். தங்கத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள இந்தச் சில நானோமீட்டர்களில்தான் ஓர் உணரி பிழைப்பதும் சாவதும். இன்று பெரிய மருத்துவமனைகளில் ட்ரோபோனினை அளக்கும் கருவிகள் பெரும்பாலும் ஒளி உமிழும் வேதிவினையை நம்புகின்றனவே தவிர, பிளாஸ்மானை அல்ல.

இரண்டாவது சிக்கலை இன்னும் குறைவாகவே பேசுகிறார்கள். மூலக்கூறு உணரியிடம் வந்து சேர வேண்டாமா? அசையாத நீரில் ஒரு புரத மூலக்கூறு தானாக விரவி ஒரு மில்லிமீட்டர் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உணரி சிறிதாகச் சிறிதாக அதன்மேல் வந்து மோதும் மூலக்கூறுகளும் குறைகின்றன. 2005இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தைச் சேர்ந்த பால் ஷீஹானும் லாயிட் விட்மனும் இதைக் கணக்கிட்டு, மூலக்கூறுகளை உணரியிடம் கொண்டுசேர்க்க வழி செய்யாவிட்டால், நடைமுறைக்கு ஏற்ற நேரத்துக்குள் ஒரு தனி நானோ உணரி பிக்கோமோலார் என்ற மிகக் குறைந்த செறிவுக்கும் கீழே எதையும் காண்பது கடினம் என்று காட்டினார்கள். உணரியின் கூர்மை எவ்வளவு இருந்தாலும் இதே கதிதான்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, 2012இல் பெரும் கவனம் பெற்ற ஒரு முறையைப் பார்ப்போம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ரொபெர்த்தோ டி லா ரிக்காவும் மோலி ஸ்டீவன்ஸும் வகுத்த முறை அது. யோசனை மிக அழகானது. குழியின் அடியில் எச்ஐவியின் பி24 புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி. பிடிபட்ட புரதத்தின்மேல் வந்து உட்காரும் இரண்டாவது ஆன்டிபாடியோடு கேட்டலேஸ் என்ற நொதி. பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடும் தங்க உப்பும் ஊற்றுகிறார்கள். பெராக்சைடு தாராளமாக இருந்தால் தங்கத் துகள்கள் விரைவாக, தனித்தனியாக வளரும், குழி சிவக்கும். கேட்டலேஸ் அங்கே இருந்து பெராக்சைடைத் தின்றுவிட்டால் தங்கம் மெல்ல வளர்ந்து கட்டியாகும், குழி நீலமாகும். கருவியே வேண்டாம், கண் போதும். ஒரு மில்லி லிட்டருக்கு ஓர் அட்டோகிராம் வரை பார்த்ததாகச் சொன்னார்கள். ஒரு கிராமைக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடி கோடியால் வகுத்து, அதையும் பத்தாயிரத்தால் வகுத்தால் கிடைப்பது அட்டோகிராம். பி24இன் எடையை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு மில்லி லிட்டரில் சுமார் 25 மூலக்கூறுகள். குழியில் விடுவது அதில் பத்தில் ஒரு பங்கு என்றால், இரண்டோ மூன்றோ மூலக்கூறு. சில குழிகளில் ஒன்றும் இல்லாமலே போகலாம். நிறம் மாறும் வேதியியல் உண்மை. அதை மெச்சத்தான் வேண்டும். ஆனால் இப்படிப்பட்ட எண்ணைப் படிக்கும்போது, அந்த இரண்டு மூன்று மூலக்கூறுகள் குழியின் அடிக்கு எப்போது, எப்படி வந்து சேர்ந்தன என்றும் கேட்க வேண்டும்.

மறுபடி காகிதப் பட்டையை நினைத்துப் பாருங்கள். அதன் அடக்கமான வெற்றிக்குக் காரணம் இங்கே விளங்கும். நைட்ரோசெல்லுலோஸின் துளைகள் சில மைக்ரோமீட்டர் அகலம். அத்தனை குறுகிய இடத்தில் ஒரு புரதம் விரவித் துளையின் சுவரைத் தொட ஒரு நொடி கூட ஆகாது. ஊற்றிய திரவம் முழுவதும் பிடிக்கும் கோட்டின் வழியாகவே போயாக வேண்டும். பம்பும் மின்சாரமும் இல்லாமல், காகிதம் தானே மூலக்கூறை உணரியிடம் இழுத்து வருகிறது. பளபளக்கும் பல நானோ சில்லுகளால் எளிதில் செய்ய முடியாத வேலை இது.

இந்தக் காகிதம் உயிரைக் காப்பாற்றியதற்கு எண்ணிக்கையோடு சான்று உண்டு. எச்ஐவி முற்றிய நோயாளிகளுக்குக் காசநோய் வந்தால் பலரால் சளி எடுத்துத் தர முடியாது. சளியில் கிருமியும் குறைவாக இருக்கும். ஆனால் காசநோய்க் கிருமியின் சுவரிலிருந்து உதிரும் லிப்போஅராபினோமன்னான் என்ற பொருள் சிறுநீரில் கலந்து வரும். சுருக்கமாக லாம் என்பார்கள். அதற்கென ஒரு தங்கத் துகள் பட்டை உண்டு. 60 மைக்ரோலிட்டர் சிறுநீர் விட்டு, 25 நிமிடம் காத்திருந்து, எழும் கோட்டை ஓர் ஒப்பீட்டு அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். கூர்மை என்று பார்த்தால் இது கெட்டிக்காரப் பட்டை அல்ல. காசநோய் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களைத் தவறவிடும். ஆனாலும் தென்னாப்பிரிக்கா, தான்சானியா, சாம்பியா, ஜிம்பாப்வே நாடுகளின் மருத்துவமனைகளில் எச்ஐவி நோயாளிகளிடம் நடத்தி 2016இல் வெளியான சோதனையில், பட்டை பயன்படுத்திய பிரிவில் எட்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21 சதவீதம். பயன்படுத்தாத பிரிவில் 25 சதவீதம். கட்டிலருகிலேயே விடை கிடைத்ததால் சிகிச்சையும் முன்னதாகத் தொடங்கியது.

தவறவிடும் அந்தப் பாதிப்பேரைப் பிடிக்க ஒரு புகைப்படச்சுருள் நிறுவனம் முன்வந்தது. ஃபுஜிஃபில்ம் நிறுவனத்துக்கு வெள்ளியைப் படிய வைக்கும் வேதியியல் தண்ணீர்பட்ட பாடு. தங்கத் துகள் கோட்டில் மாட்டிக்கொண்ட பிறகு, கார்டில் உள்ள பொத்தானை அழுத்தினால் வெள்ளிக் கரைசல் இறங்கும். தங்கத்தின்மேல் வெள்ளி படிந்து துகள் பருத்துக்கொண்டே போகும். கண்ணுக்கு எட்டாத கோடு கறுப்பாகத் தெரியும். கூடவே, லாமை இன்னும் இறுக்கமாகப் பற்றும் ஆன்டிபாடிகளையும் சேர்த்தார்கள். பழைய பட்டையைவிட ஏறத்தாழ 30 மடங்கு குறைந்த செறிவையும் இதனால் காண முடிந்தது. தென்னாப்பிரிக்க நோயாளிகளின் சிறுநீரில் ஒப்பிட்டு 2019இல் வெளியிட்ட முடிவில், பழைய பட்டை 42 சதவீத நோயாளிகளைக் கண்டறிந்தது. புதியது 70 சதவீதத்தை. அதே நேரம், நோய் இல்லாதவரை 'இல்லை' என்று சரியாகச் சொல்வதில் புதியது சற்றுப் பின்தங்கியது. கண் கூர்மையானால் பொய்க்கோடுகளும் கொஞ்சம் கூடும்.

பிறகு பல நாடுகளில் சோதித்தபோது வேறொன்று தெரியவந்தது: தொழிற்சாலையிலிருந்து வந்த ஒரு தொகுப்புக்கும் அடுத்த தொகுப்புக்கும் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. ஒரு தொகுப்பு நோயைத் தவறவிட்டது, இன்னொன்று இல்லாத நோயைக் காட்டியது. ஆய்வகத்தில் ஒரு பட்டையைக் கூர்மையாக்குவது ஒரு வேலை. லட்சம் பட்டைகளை ஒரே கூர்மையில் வைத்திருப்பது வேறு வேலை. பழைய தங்கப் பட்டையை யாருக்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற வரம்பை உலக சுகாதார நிறுவனம் 2019இல் விரிவாக்கியிருக்கிறது. அந்த அனுமதியின்கீழ் 60 மைக்ரோலிட்டர் சிறுநீரும் 25 நிமிடமும் கேட்கும் அந்தப் பட்டை, வார்டுகளில் தன் பாதி வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.